கறுத்துப்போன தண்ணீர்

1998 மே மாதம். புனேயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான கோடை அறிவியல் முகாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிநீரில் மருந்து கலந்து வைத்திருந்தார்கள். கிருமி இருந்தால் மறுநாள் தண்ணீர் கறுத்துவிடும்.

ஸ்டெல்லாவின் பாட்டில் மட்டும் கறுத்திருந்தது. முகாமை நடத்திய டாக்டர் சேஷாத்ரி அதை உயர்த்திக் காட்டினார்.

"எந்த ஏரியாம்மா?"

"போசரி, சார்."

"அதானே பார்த்தேன்! சுத்தம்னா என்னன்னே தெரியாத ஜனங்க. இதைக் குடிச்சிட்டு எப்படிம்மா உயிரோட இருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுத் தண்ணி பஸ்லயே கொட்டிடுச்சு, சார். இது உங்க ரூம் ஃபில்டர்ல பிடிச்சது."

டாக்டர் பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

"பொதுவா, இந்த டெஸ்டை அவ்வளவா நம்ப முடியாது" என்றார்.