மார்பிள் மேல் விழுந்த கறை

பரிமளத்தம்மா என்று ஒருத்தி. புது வீட்டு அடுப்படி மேடைக்காகக் கடையில் இருந்த கல்லையெல்லாம் தடவித் தடவிப் பார்த்து, பால் மாதிரி ஒரு வெள்ளை மார்பிளை வாங்கி வந்து பதித்தாள். மார்பிளுக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் கிடந்த கடப்பாக்கல்லோடு முகம் கொடுத்தே பேசாது.

ஒருநாள் சாம்பார் சிந்தி, அதன்மேல் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது.

"ஐயோ, நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வர்றாங்களே! இந்த மூஞ்சியோட எப்படி இருப்பேன்?" என்று மார்பிள் அழுதது.

"அழாதடி. சோப்புத் தண்ணியில துடைச்சா பாதி போயிடும். மீதி ஜன்னல் வெயில்ல தானா வெளுத்துடும்," என்றது கடப்பாக்கல்.

"உனக்கென்ன, கறுப்பி! உன்மேல எது கொட்டினாலும் யாருக்குத் தெரியப்போகுது?"

அதற்குள் பரிமளத்தம்மா கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எடுத்து வந்து ஊற்றினாள். அது நுரைத்துப் பொங்கியது.

"பார்த்தியா, என்னைத் தொட்டதும் எப்படிப் பொங்குது!" என்று மார்பிள் பூரித்தது.

"அடி பைத்தியமே, அது உன்னைத் தின்னுதுடி!"

கறை போனது. கூடவே பளபளப்பும் போய், அந்த இடம் சொரசொரவென்று ஆனது. அப்புறம் டீயோ ரசமோ, எது சிந்தினாலும் கல்லுக்குள் இறங்கியது. ஒவ்வொரு கறைக்கும் ஆசிட் வந்தது. கடைசியில், "மட்டமான கல்லைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன்," என்று திட்டிக்கொண்டே, கொத்தனாரை விட்டு மார்பிளைப் பெயர்த்துத் தெருவில் போட்டாள்.

உள்ளே வந்து ஆசிட் பாட்டிலை முந்தானையால் துடைத்தாள்.

"இந்த வீட்ல இது ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யுது," என்று அதை அலமாரியில் பத்திரமாக வைத்தாள்.