கடைசி வரிசை ரசிகை

"ஐயா, லைட்டை நூத்திட்டுப் படத்தைப் போடுங்கோவன்!"

கடைசி வரிசையிலிருந்து றோஸ்மேரியின் குரல் வந்ததும், மேடையில் நின்ற முனைவர் பாலசந்திரன் சிலிர்த்துப் போனார்.

"பாத்தீங்களா! இதுதான் கலைத்தாகம். அஞ்சே நிமிஷம்மா, முன்னுரையை முடிச்சுடறேன்."

அவர் முதல் தடவை 'அஞ்சே நிமிஷம்' என்று சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

புலம்பெயர்ந்தோர் நெருங்கி வாழும் வில்லரே பகுதித் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடும் 'உலகத் திரை வட்ட'த்துக்கு நிறுவனர், தலைவர், செயலாளர், புரொஜெக்டருக்குச் சொந்தக்காரர் எல்லாம் அவரே. வசதியான புறநகர் லவாலில் வீடு. உழைக்கும் மக்களுக்கு உன்னத சினிமாவைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் ஓய்வதில்லை என்று ஓய்வு பெற்ற அன்றே சபதம் எடுத்தவர். படம் முடியும்வரை பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சிஸ்டர்மாரிடம் ஏற்பாடு செய்ததும் அவர்தான். அதற்குப் பிறகு மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசைக்கு, அதிலும் சுவரோர நாற்காலிகளுக்கு, அடிபிடி.

"பின்னாடி உக்காந்தாத்தான் முழு ஃப்ரேமும் கண்ணுல அடங்கும். இதை இவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று மனைவி வசந்தகுமாரியிடம் வியக்காத வாரம் கிடையாது.

றோஸ்மேரி மணியைப் பார்த்தாள். நாலரைக்கு எழும்பினால்தான் மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணி வேலைக்குப் போகலாம். படம் தாமதித்துத் தொடங்கினால் நட்டம் அவளுக்குத்தான். இந்த மனுசனோ ஒவ்வொரு நிமிடமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"இது அயர்லாந்துப் படம். டார்க் காமெடி. ஒரு பஸ் டிரைவர், ஒரு இறைச்சிக்கடைக்காரி, வேலைவெட்டி இல்லாத ரெண்டு திருடனுங்க. இவன் அடிக்கிற கூத்து அவ தலையில விடியும். அவ அடிக்கிற கூத்து டிரைவர் தலையில. ஒரு சவப்பெட்டி வேற இடம் மாறிப் போகும்..."

"சவப்பெட்டி மாறிப் போறதில என்ன பகிடி இருக்கு?" என்று றோஸ்மேரியின் காதுக்குள் முணுமுணுத்தார் பக்கத்தில் இருந்த நீக்கிலாப்பிள்ளை. "எங்கட கோயில் பங்கில நடந்தா வெட்டுக்குத்தல்லோ வரும்."

"அண்ணை, சும்மா இருங்கோ. அவருக்குக் கேட்டால் அதுக்கும் ஒரு விளக்கம் சொல்லுவார்."

பாலசந்திரன் தொண்டையைச் செருமினார். "உழைக்கும் மக்களான நீங்க, திரையில உங்களையே பாக்கணும். அதனால இன்னிக்கு ஒரு புது முயற்சி. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, விவாதிக்கப் போறோம்!"

மண்டபம் முழுக்க ஒரே குரலில் "ஐயோ!" என்றது.

"பிள்ளை, எழும்பு," என்று முழங்கையால் இடித்தார் நீக்கிலாப்பிள்ளை. "உன்ர சொல்லைத்தான் உவர் கேப்பார்."

றோஸ்மேரி சால்வையை வாரிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உப்பிடி நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தால் படத்தின்ர உயிர் போயிடும். இருட்டுக்குள்ள, ஒரே மூச்சில பாக்கோணும்."

பாலசந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் எந்த மாணவரும் இப்படிச் சொன்னதில்லை.

"சரிம்மா, நிறுத்தலை. ஆனா அவங்க பேசற இங்கிலீஷ் உங்களுக்குப் பிடிபடாது. நானே மைக்ல தமிழ்ல சொல்லிக்கிட்டே வரேன்."

"வேண்டாம்!" றோஸ்மேரியின் குரல் கிறீச்சிட்டது. "அந்தச் சனம் தங்கட வாயால கதைக்கிறதை அப்பிடியே விடோணும் ஐயா. விளங்காட்டிலும் காரியமில்லை."

"சத்தத்தையும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ," என்றாள் மறு மூலையிலிருந்து சிவமலர். "துவக்குச் சத்தம் கேட்டால் நெஞ்சு திக்கெண்டும்."

"வன்முறையை மறுக்கும் செவி!" என்று முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்து நெகிழ்ந்தார் பாலசந்திரன். "போன வாரம் ஈரான் படம் முடிஞ்சு விளக்கைப் போட்டதும் இவங்க எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா வசந்தா? 'இன்னொருக்காப் போடுங்கோ!' அதனால ஒரு நல்ல செய்தி. அடுத்த வாரம் ரஷ்யப் படம். மூன்றரை மணி நேரம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நீக்கிலாப்பிள்ளை விசில் அடித்தார்.

"பத்திரிகைக்கு ஒரு ஃபோட்டோ மட்டும் எடுத்துடலாமா? எல்லாரும் முன்னால வந்து..."

"ஐயா!" றோஸ்மேரிக்கு அழுகையே வந்துவிட்டது. "மாதாவாணை, கும்பிட்டுக் கேக்கிறன். லைட்டு!"

ஒரு ரசிகையின் கண்ணீருக்கு முன்னால் பேராசிரியர் தோற்றுப்போனார். விளக்குகள் அணைந்தன. திரையில் மழை பெய்தது. ஒரு பஸ் வந்தது. தூரத்தில் எங்கோ மெல்லிய சத்தத்தில் துப்பாக்கி வெடித்தது.

முன்வரிசையில் பாலசந்திரன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "கவனிச்சியா? ஒருத்தர் செல்ஃபோன் எடுக்கலை. ஒருத்தர் வெளிய போகலை. பாரிஸ்ல கூட இப்படி ஒரு நிசப்தம் கிடைக்காது."

கடைசி வரிசையில், முந்திய இரவு முழுக்க பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, விடிந்ததிலிருந்து மகளோடு மல்லுக்கட்டிய றோஸ்மேரி, சப்பாத்தைக் கழற்றி, சால்வையைக் கழுத்துவரை இழுத்து, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்களை மூடியபடி, "அண்ணை, நாலரைக்கு மறக்காமல் எழுப்பிவிடுங்கோ," என்றாள்.

நீக்கிலாப்பிள்ளையிடமிருந்து பதிலாகக் குறட்டைதான் வந்தது.