பின்னால் நின்றவள்

சிவப்பு மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து மண் கொட்டியது.

குளவிக்கூடு. பல்பு கறுத்துப்போய், ஹோல்டரோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. வாங்கப் போக வேண்டிய வண்டி, காய் ஏற்றும் குட்டியானை. பிரேக் லைட் எரியவில்லை. மெக்கானிக் ரசாக் பாய் முதலில் பியூஸைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பெடலுக்கு மேலிருக்கும் சுவிட்சைப் பார்த்தார். அதுவும் சரி. பிறகுதான் பின்னால் வந்து குத்தவைத்தார். மறுபக்கமும் அதே கதி.

"இது செத்துப் பத்து மாசமாவது இருக்கும்ணே."

இருக்கவே இருக்காது என்றான் வண்டிக்காரன். ரெண்டு மாசம் முன்புவரை ஜோராக எரிந்தது, தினமும் பார்த்துத்தான் வண்டியை எடுப்பேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான்.

பாய் துருவைச் சுரண்டிக் காட்டினார்.

பார்த்தது அவன் இல்லை. அவன் பெண்டாட்டி நாச்சம்மாள்.

மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன் அவன் பிரேக்கை மிதிப்பான். அவள் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பாள். "எரியுதுங்க" என்பாள். பதினாறு வருஷமாக அந்த வீட்டு வழக்கம் அது. அந்தச் சொல் காதில் விழாமல் அவன் கியரைத் தொட்டதில்லை.

செத்த விளக்கைப் பார்த்து மாசக்கணக்காக எரியுது என்றிருக்கிறாள்.

பொய் சொல்லத் தெரிந்தவளா அவள்?

அவன் சக்கரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குக் கண் தெரியவில்லை. யாரிடமும் மூச்சுவிடாமல் பழக்கத்திலேயே சமாளித்திருக்கிறாள்.

சோற்றில் கல் கிடந்தது அதனால்தான். அவள் இருந்த கடைசி ராத்திரியும் கிடந்தது. அவன் தட்டைத் தூக்கி எறிந்தான். விருந்துக்கு வந்திருந்த அவள் தம்பி வேலுச்சாமி முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசினான். அவள் சிதறிய சோற்றைத் தரையில் தடவித் தடவி அள்ளினாள்.

மறுநாள் பட்டப்பகலில், ரைஸ்மில் எதிரே, வருகிற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினாள். பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள் என்று கண்ணால் கண்டவர்கள் நாலு பேர் சொன்னார்கள். அக்காவைக் கொன்னுட்டீங்க என்று காரியத்தன்று சொல்லிவிட்டுப் போன வேலுச்சாமி, அப்புறம் இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அவள் வேணுமென்றேதான் இறங்கினாள் என்று இவனும் நம்பியிருந்தான். ரெண்டு மாசமாகச் சோறு இறங்கவில்லை.

திரும்பினாள். பார்த்தாளா?

அந்த மில் இரைச்சலில் ஹாரன்தான் யாருக்குக் கேட்கும்?

கிரீஸ் கையோடு போனை எடுத்தான். நாலாவது தடவைதான் வேலுச்சாமி எடுத்தான். இவன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். பல்பைச் சொன்னான், துருவைச் சொன்னான், சோற்றுக் கல்லைச் சொன்னான். உங்கக்கா வேணும்னு போகலை மாப்பிள்ளை, பஸ் வந்ததே அவளுக்குத் தெரியாது என்றான். சொல்லிவிட்டு அழுதான். நெஞ்சிலிருந்த கல் இறங்கிய நிம்மதியில்தான் அழுதான், பாவி.



"பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தீங்களே மாமா," என்றான் வேலுச்சாமி. "உங்களுக்குத் தெரியலையா?"