டார்ச் பிடிக்க ஓர் ஆள்

"இழவு ரயில்! மறுபடி அதே இடத்துல நின்னுடுச்சு. ஏய், டார்ச் பிடிக்க வா!"

மேஜை முழுக்கச் சுற்றிவரும் என் வீட்டுக்காரரின் பொம்மை ரயில், தடம் மாறும் இடத்தில் மட்டும் உயிரை விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைக் கூப்பிடுவது இதற்கு மட்டும்தான். ஒட்டி உட்கார்ந்து வெளிச்சம் காட்டினேன்.

"ரெண்டு தண்டவாளமும் நல்லாத்தான் தொடுது. கரண்ட் பாய மாட்டேங்குது. துடைச்சுத் துடைச்சுக் கையே போச்சு!"

"பாவம்" என்றேன்.

"இனிமே தொடுறதை நம்பப் போறதில்ல. தனியா ஒயர் இழுத்துடறேன்."

இழுத்துப் பற்றவைத்தார். ரயில் நிற்காமல் ஓடியது.

"இனி நீ வேண்டாம், போ" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தண்டவாளங்கள் தொடும் இடத்தில் வாராவாரம் நான் பூசிவந்த நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடினேன்.