கூட்டுக் கணக்கு

ஆவடி நகைக்கடையில் ஞானகுமாரி கல்யாணச் சங்கிலியை விற்றாள். கடைக்காரர் ஆன்லைனில் அனுப்பிய பணம் மூன்று முறையும் திரும்பி வந்தது.

"கையில குடுத்துடுங்க. நாளைக்கு அவரு கல்லறைக்குக் கல்லு வைக்கணும்."

"இவ்ளோ தொகையைக் கையில தரக்கூடாதும்மா. பேங்க்ல கேளுங்க."

வங்கிக்கு ஓடினாள். எழுத்தர் கணினியைப் பார்த்துத் தயங்கினார்.

"உங்க ரெண்டு பேர் கணக்கும்மா இது. போன மாசம் வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழ் குடுத்தீங்கல்ல? பேரை மாத்திப் போட்டுட்டாங்க. கம்ப்யூட்டர்ல இறந்தது நீங்க."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார்.

"அப்ப அவரு?"

"உயிரோட... சாரிம்மா, இப்பவே மாத்திடறேன்."

"இன்னிக்கு மாத்தாத தம்பி," என்றாள் ஞானகுமாரி. "கல்லு அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."