கொஞ்ச நேர சூப்பர்வைசர்

காலையிலிருந்து ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சியாளர் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பங்கேற்புப் பயிற்சியில் பயிற்சியாளர் குறைவாகப் பேச வேண்டும், தொழிலாளர்கள் நிறையப் பேச வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பற்றித்தான் காலையிலிருந்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தன்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம், அக்கா என்றால் போதும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அம்மா வயதிலிருந்த அந்தப் பெண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு 'அக்கா மேடம்' என்று ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார்கள்.

சாக்பீஸைக் கொடுத்து, உங்கள் தோட்டத்தைத் தரையில் வரையுங்கள், எங்கே என்ன இல்லையோ அங்கே வட்டம் போடுங்கள் என்றாள். தோட்டம் அழகாக வந்தது. மேனேஜர் பங்களா மட்டும் மலையைவிடப் பெரிதாக இருந்தது. வட்டம் ஒன்றுகூட இல்லை.

எப்படி வரும்? மேனேஜர்தான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே. கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று அவள் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தாள். நான் இல்லாத மாதிரி நினைத்துப் பேசச் சொல்லுங்கள் என்றுவிட்டு அவர் செல்போனுக்குள் போய்விட்டார்.

இப்போது தலையைத் தூக்கினார். "குறைன்னு ஒண்ணும் இல்லபோல இருக்கே. அப்ப இந்த வருஷ நலத்திட்டத்துல மெயின் கேட்டுக்கு ஒரு வளைவு கட்டிடலாமா? பார்வையா இருக்கும்."

தொழிலாளர்கள் வாயால் ஒரு தேவை வராவிட்டால் திட்டம் மேனேஜர் இஷ்டம்தான். கொழுந்து பறிக்கும் சரிவுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கழிப்பறை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அவள் சொல்லக் கூடாது. அவர்கள் சொல்ல வேண்டும். அவர்களோ பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சமிருந்தது ஒரே அஸ்திரம். ஆள் மாற்றி நடிக்கும் பயிற்சி. தொழிலாளி சூப்பர்வைசராக வேண்டும், சூப்பர்வைசர் தொழிலாளியாக வேண்டும். சூப்பர்வைசரிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் தடித்த மீசைக்காரர். முறுக்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் மறுபேச்சில்லாமல் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்து நின்றது, ஊமைக்கோட்டான் என்று பெயரெடுத்த ஒரு பெண்.

சூப்பர்வைசர் காற்றில் கொழுந்து பறிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுத்து, குரலைக் குழைத்துக்கொண்டு, ஒதுங்கப் போக வேண்டும் என்றார்.

"இப்பத்தானே வந்த? அதுக்குள்ள என்ன?" என்றாள் ஊமைக்கோட்டான்.

"அவசரங்க."

"ஒருத்தி போனா பின்னாடியே கூட்டமா கிளம்புவீங்க. அப்புறம் கொழுந்த நான் வந்து பறிக்கவா?"

பாயில் சிரிப்பு கிளம்பியது. மேனேஜரின் விரல் செல்போன்மேல் அப்படியே நின்றது.

"கக்கூஸ் கட்டி விட்டா அங்கயே குடியிருப்பீங்க. தண்ணியக் கொறச்சுக் குடி, தானா சரியாப் போயிடும்."

சூப்பர்வைசர் கூடையோடு குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அது நடிப்பா நிஜமா என்று பயிற்சியாளருக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பின்வரிசையில் ஒருத்தி, தான் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள், யாரையும் பார்க்காமல். பக்கத்தில் இருந்தவள், அதனாலேயே தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னாள். நிறைமாதத்தில் புதர் தேடிப் போய்ச் சரிவில் உருண்ட கதையை இன்னொருத்தி ஆரம்பிக்க, மற்றவர்கள் குறுக்கே விழுந்து முடித்து வைத்தார்கள். அதன்பிறகு பயிற்சியாளருக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. அதாவது, பயிற்சி விதிப்படி நடந்தது.

மேனேஜர் எழுந்தார். நேராகச் சூப்பர்வைசரிடம் போனார்.

"ஏன்யா, பொம்பளைங்கள இப்படியா நடத்துவ? என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் சார்."

"வளைவும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாச் சரிவுலயும் கழிப்பறை கட்டுறோம். நான் சொன்னேன்னு எழுதிக்குங்க மேடம்."

கைதட்டல் எழுந்தது. மாலை விழாத குறையாக மேனேஜர் ஜீப்பில் ஏறிப் போனார்.

காரியம் கைகூடிவிட்டது. ஆனாலும் பயிற்சியாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்த மீசையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஊமைக்கோட்டானைத் தனியாக அழைத்துப் போனாள்.

"நாளைக்கு அந்த ஆள் உங்களப் பழிவாங்கப் பார்ப்பான். பயப்படாதீங்க. இப்பவே தலைமை ஆபீசுல சொல்றேன். சீட்டக் கிழிச்சு அனுப்பிடுவாங்க."

சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினாள். அந்தப் பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பாவத்தப் பண்ணிடாதீங்க அக்கா. இப்படி இப்படித் திட்டுன்னு நேத்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவருதான்."

"அவரா? தன்னைத் தானே திட்டிக்கவா?"

ஜீப் மலைத் திருப்பத்தைத் தாண்டிவிட்டதா என்று அந்தப் பெண் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கள அவரு ஒருநாளும் தடுத்ததில்ல. கக்கூஸ் கேட்டு மேனேஜர்கிட்ட நடையா நடந்தாரு. நான் இன்னிக்குப் பேசினது அத்தனையும் மேனேஜர் அவருக்குச் சொன்ன பதிலு."