சரியான நடை

ஸ்டெல்லாவின் செயற்கைக் கால் பத்து வருடமாக நொண்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓடும் மென்பொருளில் இருந்த பிழையை அவள் கணவர் ஜெரோம் ஒருவழியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். ஆனால் லினக்ஸ் என்ற பொதுக் கணினித் தொகுப்பில் சேரும் எல்லா மென்பொருளையும் போல இதையும் சோதனை இயந்திரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் கால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். மறுநாள் மகள் கல்யாணம். மாதா கோயிலுக்குள் மகளோடு நொண்டாமல் நடக்க வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் ஆசை.

ஸ்டெல்லா கூடத்தில் அந்த இயந்திரத்தின் முன் அழகாக நடந்து காட்டினாள்.

"தோல்வி. நடை தவறு" என்றது இயந்திரம்.

ஜெரோம் தன் வழக்கப்படி எதையும் மாற்றாமல் சோதனையை இன்னொரு முறை ஓடவிட்டார். மறுபடியும் தோல்வி. சோதனையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவளுடைய பழைய நடையைத்தான் இயந்திரம் சரியான நடை என்று வைத்திருந்தது.

"அப்ப அந்த டெஸ்டை மாத்துங்க!"

"மாத்தலாம் ஸ்டெல்லா. ஆனா மாத்துன டெஸ்ட், முதல்ல பழைய டெஸ்டுல பாஸாகணும்."

"நல்லா வச்சாங்க சட்டம்! தள்ளுங்க, நானே பாஸ் பண்ணிக் காட்டுறேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்து வருட அனுபவத்தோடு விந்தி விந்தி நடந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஜெரோம் கைதட்டினார்.

"தேர்ச்சி" என்றது இயந்திரம். "பழைய பதிப்புக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே புதிய பதிப்பு தேவையில்லை. நிராகரிக்கப்படுகிறது."

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ரொம்ப நல்லா நொண்டிட்டேனோ?"